ஒன்றரை லட்சம், 46 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்: தொடக்கப் பள்ளிக்கு எதை வாங்குவது?

ஈராசிரியர்பள்ளி · 2025 ஜூன் 11

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மொத்தம் 46 பிள்ளைகள்: 1 முதல் 3 வரை 27 பேர், 4, 5ல் 19 பேர். ஆசிரியர் இருவர். வகுப்பறை இரண்டு, ஒவ்வொன்றும் 20 அடிக்கு 20 அடி. பழைய மாணவர்கள் ஒன்றரை லட்சம் தருகிறார்கள். 75 அங்குலத் தொடுதிரை வாங்கி மாட்டலாம் என்பது பள்ளி மேலாண்மைக் குழுவின் விருப்பம். பிள்ளைக்கு ஒரு டேப் (டேப்லெட்) என்று ஒருவர் பிடிவாதமாக இருக்கிறார். எனக்குத் தொடுதிரைதான் சரியென்று படுகிறது. வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

சாக்பீஸ் · ஜூன் 11

தொடுதிரை வேண்டாம் டீச்சர். காரணம் சொல்கிறேன்.

கால அட்டவணையை எடுத்து ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு 40 நிமிடப் பாடவேளையிலும் எந்தப் பிள்ளைகள் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை நிமிடம்? இதை மட்டும் குறித்தால் போதும். அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கான அரசுத் திட்டமான எண்ணும் எழுத்தும் 2022 ஜூனில் வந்ததிலிருந்து 1 முதல் 3 வரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் உட்கார வைக்கிறோம். அரும்பு குழுவோடு ஆசிரியர் இருக்கும்போது மொட்டும் மலரும் என்ன செய்கின்றன? பெரும்பாலும் பார்த்து எழுதுகின்றன. ஈராசிரியர் பள்ளியில் கருவி நிரப்ப வேண்டிய இடம் அந்த நிமிடங்கள்தான்.

தொடுதிரையால் அதை நிரப்ப முடியாது. அதன் முன்னால் ஆசிரியர் நிற்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் தொடலாம். 40 நிமிடத்தை 27 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது. ஏற்கெனவே கை போதாத ஆசிரியருக்கு அது இன்னொரு வேலை.

கரும்பலகை · ஜூன் 11

அப்படியென்றால் பிள்ளைக்கு ஒரு டேப் என்று சொன்னவர் சொன்னது சரி, இல்லையா சார்?

சாக்பீஸ் · ஜூன் 12

இல்லை சார். பெரு நாட்டில் அதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்தார்கள். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மடிக்கணினி. 319 பள்ளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2012ல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை. கருவி கைக்கு வந்தது, ஆனால் எந்தப் பாடத்தில் எந்தப் பிள்ளை அதை வைத்து என்ன செய்வது என்பது யாருக்கும் தெளிவாக இல்லை.

இதற்கு நேர்மாறாக டெல்லியில் நடந்த ஒன்று 2019ல் வெளியானது. பள்ளி விட்ட பிறகு வாரம் ஆறு நாள், ஒரு நாளைக்கு 90 நிமிடம். பாதி நேரம் கணினி, பாதி நேரம் சிறு குழுவில் ஆசிரியர். பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று பார்க்காமல் அதன் உண்மையான நிலைக்கு ஏற்ற கேள்வியை மென்பொருள் கொடுத்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான உயர்வு. அவர்கள் நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் நிலைக்கேற்ற பாடம், பக்கத்தில் ஆசிரியர் என்ற அந்த இரண்டும் நம் அரும்பு, மொட்டு, மலருக்கு அப்படியே பொருந்தும்.

எனவே எண்ணிக்கையைக் குழுவிலிருந்து கணக்கிடுங்கள். 27 பேர், மூன்று குழு, குழுவுக்கு 9. இரண்டு பேருக்கு ஒரு டேப் என்றால் 5 போதும், ஒன்று உபரி. ஆக 6. இதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

40 நிமிடத்தில் 12 நிமிடம் வீதம் மூன்று சுற்று, இடம் மாற 4 நிமிடம். ஒரு குழு ஆசிரியரோடு, ஒரு குழு டேப்பில், ஒரு குழு சிலேட்டிலோ புளியங்கொட்டை, தீக்குச்சி வைத்தோ. ஜோடியில் ஒரு பிள்ளை தொடும், இன்னொன்று வாயால் சொல்லும். ஆறாவது நிமிடம் கையைத் தட்டினால் மாறிக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லிவைக்காவிட்டால் எந்த ஜோடியிலும் கை நீளமான பிள்ளைதான் 12 நிமிடமும் தொடும்.

கரும்பலகை · ஜூன் 12

4, 5 வகுப்புக்கு ஒன்றுமே இல்லையா?

சாக்பீஸ் · ஜூன் 13

அவர்களுக்குத் திரையே தேவையில்லை. புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று, அதில் ஒரு மெமரி கார்டு. சொல்வதெழுதுதலை ஆசிரியரே செல்போனில் பதிவு செய்து அதில் போட்டுவிடலாம். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போன நாளில் 46 பேரும் ஒரே ஆசிரியர் கையில். அந்த நாளில் மூத்த 19 பேருக்குச் சொல்வதெழுதுதலை ஸ்பீக்கர் நடத்தும்.

பதிவு செய்யும் முறை: மின்விசிறியை அணைத்துவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேரே பிடித்தால் ப, ம வரும்போது காற்று மோதி டப் என்று கேட்கும். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சொல்லி 10 வினாடி இடைவெளி விடுங்கள். 10 சொல்லுக்கு மூன்று நிமிடம் ஆகாது. இறுதியில் 30 வினாடி மௌனம் விட்டு, பத்தையும் மறுபடி ஒரு முறை வேகமாகச் சொல்லிவிடுங்கள். விட்டுப்போனதைப் பிள்ளை நிரப்பிக்கொள்ளும். விடையைத் தனி அட்டையில் எழுதிக் கவிழ்த்து வைத்தால் தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

ஸ்பீக்கர் வாங்கும்போது பாட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். பள்ளம், பழம், பல்லாங்குழி என்று பதிவு செய்ததைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ல, ள, ழ வேறுபாட்டைக் காது பிடிப்பது ஏறக்குறைய 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். அடித்தொனியைத் தூக்கிக் காட்டும் ஸ்பீக்கர்கள் அந்த இடத்தைத்தான் அமுக்கிவிடுகின்றன. பிள்ளை ளகரத்தை லகரமாக எழுதினால் குற்றம் ஸ்பீக்கர் மேல்கூட இருக்கலாம்.

ஈராசிரியர்பள்ளி · ஜூன் 14

ஸ்பீக்கர் யோசனை பிடித்திருக்கிறது சார். ஒரு வாரம் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். மூன்று நாளிலேயே தெரிகிறது, மலர் குழு முற்பகலில் மட்டும் 50 நிமிடம் சும்மா. மேலாண்மைக் குழுவில் தொடுதிரையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் போல. 43 அங்குல டிவியாவது வாங்கலாமா?

சாக்பீஸ் · ஜூன் 14

கடைசி வரிசைப் பிள்ளைக்கு எழுத்து தெரியுமா என்று முதலில் பார்ப்போம். திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்துக்குள் இருந்தால் வாசிக்க வரும், அதைத் தாண்டினால் கண் சிரமப்படும். இது பழைய கணக்கு. 16:9 திரையில்:

43 அங்குலம்: உயரம் 53 செ.மீ., 3.2 மீட்டர் வரை.
55 அங்குலம்: 68 செ.மீ., 4.1 மீட்டர்.
65 அங்குலம்: 81 செ.மீ., 4.9 மீட்டர்.
75 அங்குலம்: 93 செ.மீ., 5.6 மீட்டர்.

உங்கள் அறை 6 மீட்டர். 43 அங்குலம் என்றால் பாதி அறைக்குத்தான் எழுத்து, மீதிப் பேருக்குப் படம் மட்டும். அதிலும் தமிழ் எழுத்துக்கு இன்னும் சலுகை வேண்டும். ண, ன இரண்டுக்கும் சுழியில்தான் வேறுபாடு. 6 மீட்டரிலிருந்து அது தெரிய எழுத்தின் உயரம் 4 செ.மீ.யாவது இருக்க வேண்டும். வரி இடைவெளியோடு சேர்த்தால் 43 அங்குலத் திரையில் எட்டு வரி. கரும்பலகை அதைவிட நிறையப் பிடிக்கும்.

டிவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கதை, அறிவியல் காட்சி, வரைபடம் எல்லாம் பெரிய திரையில்தான் நன்றாக இருக்கும். அது இரண்டாம் ஆண்டு வாங்க வேண்டியது. வாங்கும்போது ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டக்கூடாது, பகலில் கண்ணாடி போலாகிவிடும். ஜன்னல் பக்கவாட்டில் வரும் சுவரே சரி. பாயில் உட்காரும் பிள்ளைகளுக்குத் திரையின் அடிவிளிம்பு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கழுத்து வலிக்காது. திருட்டுக்குப் பயந்து கூரை ஒட்டி மாட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

எர்த்கம்பி · ஜூன் 15

மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? டேப் வாங்குவதற்கு முன்னால் மூன்று முள் பிளக்கின் எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று பாருங்கள். பழைய பள்ளிக் கட்டடங்களில் எர்த் கம்பி சுவிட்ச் போர்டோடு முடிந்துவிடுகிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்தால் 3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 20, 30 காட்டினால் எர்த் குழி காய்ந்திருக்கிறது அல்லது இணைப்பே இல்லை. பிள்ளைகள் தொடும் கருவிக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அது இருந்தும் இல்லாததுதான்.

சாக்பீஸ் · ஜூன் 15

சரியான இடத்தில் நிறுத்தினீர்கள் சார். இன்வெர்ட்டரும் அந்தக் கணக்கில் சேரும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி என்றால் 1,800 வாட்-மணி. 6 டேப் சார்ஜ் 60 வாட், வைஃபை பெட்டி 12, இரண்டு மின்விசிறி 150, இரண்டு விளக்கு 40. மொத்தம் 262. கரண்ட் போனால் ஏறத்தாழ 7 மணி நேரம் தாங்கும்.

சாக்பீஸ் · ஜூன் 16

நேற்று எழுதியது தவறு. பேட்டரியை முழுவதும் வடித்தால் ஆயுள் போய்விடும். பாதியோடு நிறுத்த வேண்டும். இன்வெர்ட்டரில் மாற்றும்போது 15 சதவீதம் வீணாகும். 1,800ல் பாதி 900, அதில் 85 சதவீதம் 765. அதை 262 ஆல் வகுத்தால் மூன்று மணிக்கும் குறைவு. 7 மணி என்று நம்பி யாரும் வாங்கிவிட வேண்டாம்.

சுமையில் பாதிக்கு மேல் மின்விசிறி. 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியாக இரண்டையும் மாற்றினால் மொத்தம் 172 வாட், நாலரை மணி நேரம் வரும். பெரிய பேட்டரி வாங்குவதைவிட இது மலிவு, கரண்ட் பில்லும் குறையும். காய்ச்சி வடித்த நீர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, கோடையில் மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து பேட்டரி சீக்கிரம் போய்விடும். பேட்டரி, பிள்ளைகள் நடமாடும் அறையில் வேண்டாம். காற்று வரும் இடத்தில், பூட்டிய கம்பிக் கூண்டுக்குள் வையுங்கள்.

ஈராசிரியர்பள்ளி · ஜூன் 18

ஒரு வாரக் கணக்கைக் குழுவுக்குக் காட்டினேன். தொடுதிரைப் பேச்சு நின்றது. எவ்வளவு எதற்கு என்று பிரித்துத் தந்தால் தீர்மானம் எழுதிவிடுவேன்.

சாக்பீஸ் · ஜூன் 18

உத்தேசமாக, ரூபாயில்:

எர்த், வயரிங், ஆர்.சி.சி.பி.: 15,000
இன்வெர்ட்டர், பேட்டரி: 25,000
டேப் 6, உறையோடு: 66,000
ஹெட்போன் 12, ஒரு துளையில் இரண்டு ஹெட்போன் மாட்டும் பிரிப்பான் 6: 6,000
ஸ்பீக்கர் 2: 4,000
சார்ஜ் செய்யும் அலமாரி வேலை: 4,000
கையிருப்பு: 30,000

கடைசி வரியைக் குழு வெட்டப் பார்க்கும். விடாதீர்கள். முதலில் போவது சார்ஜ் கேபிள், அடுத்தது ஹெட்போன் வயர், பிறகு திரைக் கண்ணாடி. கையிருப்பு இல்லாத பள்ளியில் ஒரு கேபிளுக்காக டேப் மூன்று மாதம் பீரோவில் கிடக்கும். கேரளத்தில் பள்ளிகளுக்கு மொத்தமாக வாங்கியபோது ஐந்தாண்டு வாரன்டியோடு வாங்கினார்கள். ஒற்றைப் பள்ளிக்கு அது கிடைக்காது, கையிருப்புதான் நமக்கு வாரன்டி. பி.எல்.டி.சி. விசிறி வாங்குவதானால் அதுவும் இந்த 30,000க்குள்தான்.

டேப்பில் பார்க்க வேண்டியவை: 8 அங்குலம் போதும், சிறு கைக்கு 10 கனம். 4 ஜி.பி. ராம், மெமரி கார்டு இடம், டைப்-சி. முக்கியமாக 3.5 மி.மீ. ஹெட்போன் துளை. புதிய மாடல்கள் பலவற்றில் அது இல்லை. புளூடூத் ஹெட்போன் வாங்கினால் இன்னும் பன்னிரண்டு பேட்டரிக்குச் சார்ஜ், தினமும் இணைக்கும் சண்டை வேறு.

அலமாரி: பீரோவுக்குள் சார்ஜ் போட்டுப் பூட்டினால் சூடு வெளியேறாது. பின்பக்கத் தகட்டில் மேலும் கீழுமாகத் துளையிட்டு வலை அடியுங்கள். வலை இல்லாவிட்டால் பல்லி குடும்பத்தோடு குடியேறிவிடும், சூடான இடம் அதற்கு மிகப் பிடிக்கும்.

எல்லாவற்றையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, டேப்1 முதல் டேப்6 வரை அழியாத மையில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் எப்போதும் ஒரே எண்.

கரும்பலகை · ஜூன் 20

இணைய வேகம் 10 எம்.பி.பி.எஸ். போதுமா?

சாக்பீஸ் · ஜூன் 20

வகுப்பு நேரத்தில் இணையமே வேண்டாம் சார். 200 எம்.பி. காணொளியை ஆறு டேப்பும் தனித்தனியே இறக்கினால் 16 நிமிடம் வரிசையில் நிற்கும், பாடவேளை போச்சு. ஒரு முறை இறக்கி மெமரி கார்டில் போட்டால் எல்லா டேப்புக்கும் போதும். வைஃபை மாலை நாலு மணிக்கு மேல்தான். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் ஆறும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கத் தொடங்கினால் பிள்ளைகள் சுற்றும் வட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

உள்ளே என்ன போடுவது: ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் நிலைவாரியாகப் பிரித்தே இருக்கின்றன, பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம். பாடநூலின் கியூ.ஆர். குறியீடு காட்டும் பாடங்களை திக்‌ஷா செயலியில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். எண் விளையாட்டுக்கு ஜிகாம்ப்ரிஸ் செயலி: விளம்பரம் கிடையாது, இணையம் இல்லாமலும் ஓடும். பாடநூல் பாடத்தை ஆசிரியர் குரலில் வாசித்துப் பதிவு செய்தது இவை எல்லாவற்றையும்விட மேல். பிள்ளை காதில் கேட்டுக்கொண்டே புத்தகத்தில் விரல் வைத்து வாசிக்கும்.

பிள்ளைகள் பெயரில் கணக்குத் திறக்க வேண்டாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள், பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பெயர் கேட்கும் செயலியில் டேப்3 என்றே கொடுங்கள்.

எர்த்கம்பி · ஜூன் 21

தட்டச்சு கற்றுக்கொடுக்கலாமா 5ஆம் வகுப்புக்கு?

சாக்பீஸ் · ஜூன் 21

கற்றுக்கொடுத்தால் தமிழ்99 விசைப்பலகை மட்டும். ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் வரவழைக்கும் முறையில் பிள்ளை மனத்தில் எழுத்துக்கூட்டல் ஆங்கிலத்தில் பதிகிறது. ழ, ள, ண, ன எல்லாம் அங்கே குழப்பம்தான். தமிழ்99ல் உயிர் இடக்கை, மெய் பெரும்பாலும் வலக்கை. க என்ற எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும், ங க, ந த அடித்தாலும் அப்படியே. இலக்கணம் விரலில் ஏறும். 5ஆம் வகுப்பில் இரண்டாம் பருவத்துக்கு முன்னால் தொட வேண்டாம்.

ஈராசிரியர்பள்ளி · ஆகஸ்ட் 22

ஐந்து வாரமாக ஓடுகிறது. மொட்டு, மலர் நன்றாகப் போகின்றன. 4, 5ல் சொல்வதெழுதுதல் வாரம் இரண்டு. அரும்பில் சிக்கல்: டேப்பில் எல்லாம் சரி என்று வருகிறது, சிலேட்டில் கேட்டால் தெரியவில்லை.

சாக்பீஸ் · ஆகஸ்ட் 22

எத்தனை விடையில் ஒன்றைத் தொடும் விளையாட்டு? மூன்றில் ஒன்று என்றால் கண்ணை மூடித் தொட்டாலே மூன்றுக்கு ஒன்று சரியாகும். தவறானால் மறுபடி தொட விடும் செயலியில் எல்லாமே சரியாக முடியும். பிள்ளை எழுத்தைப் பார்க்கவில்லை, பாராட்டுச் சத்தம் வரும்வரை தட்டுகிறது.

இரண்டு மாற்றம் செய்யுங்கள். விரலால் வடிவம் எழுத வைக்கும் விளையாட்டையே அரும்புக்கு வையுங்கள். தொடும் வகைதான் இருக்கிறதென்றால், முதலில் விடையைச் சிலேட்டில் எழுதி ஜோடிக்குக் காட்டிய பிறகுதான் தொட வேண்டும். வேகம் பாதியாகும், ஆகட்டும்.

சாக்பீஸ் · ஆகஸ்ட் 24

மறுபடி யோசித்ததில், அரும்புக்கு அந்த 12 நிமிடத்தில் டேப் தேவையா என்றே சந்தேகம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மணலில் எழுதுவதும் விதை அடுக்குவதும் விரலுக்கு வலு சேர்க்கும், கண்ணாடியில் வழுக்கிப் போகும் விரலுக்கு அது கிடைக்காது. அரும்பின் டேப் முறையை ஒலி முறையாக மாற்றிப் பாருங்கள்: ஹெட்போனில் ஆசிரியர் குரல், கையில் எழுத்து அட்டை, கேட்ட எழுத்தை எடுத்து வரிசையாக வைக்க வேண்டும். 12 நிமிடம் கழித்து வரிசையைப் பார்த்தாலே யாருக்கு எது வரவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். ஜூன் 12ல் மூன்று குழுவுக்கும் ஒரே முறை எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஈராசிரியர்பள்ளி · செப்டம்பர் 9

எழுத்து அட்டை வேலை செய்கிறது சார். 9 பேரில் 4 பேருக்கு ற, ர பிரியவில்லை என்று முதல் நாளே தெரிந்தது. காலாண்டு விடுமுறைக்கு டேப்பை முழுச் சார்ஜோடு வைக்கலாமா?

சாக்பீஸ் · செப்டம்பர் 9

வேண்டாம். 50 சதவீதத்தில் முழுவதுமாக அணைத்து வையுங்கள். முழுச் சார்ஜோடு சூட்டில் கிடந்தால் பேட்டரி உப்பும். காலியாகக் கிடந்தால் திரும்ப எழாது. இது ஒரு வார விடுமுறை, பெரிய ஆபத்தில்லை. கோடை விடுமுறைக்கு இதையே கட்டாயமாகச் செய்து, மே நடுவில் ஒருவர் வந்து மறுபடி 50க்கு ஏற்ற வேண்டும். பின்மூடி சற்றே தூக்கியிருந்தால் அந்த டேப்பைச் சார்ஜில் போடாமல் தனியே எடுத்து வையுங்கள்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. இடி இடித்தால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும், வைஃபை பெட்டிக்கு வரும் கம்பியையும் சேர்த்து. வெள்ளிக்கிழமை மாலை இதைச் செய்யும் பொறுப்பை 5ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். ஆசிரியர் இருவரில் ஒருவர் பெயரை அலமாரிக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.